பழைய டிராக்டருக்கு ஹெட்லைட் ஒயரிங்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

பல்பை மாத்தியாச்சு, சுவிட்சையும் மாத்தியாச்சு, லைட் மட்டும் அகல்விளக்கு மாதிரியே எரியுது. பழைய டிராக்டர் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. எங்கள் வீட்டு மாஸி 1035-லும் பல வருஷம் இதே நிலைமைதான். முறைத் தண்ணீர் ராத்திரியில் வரும் நாட்களில் விடிவதற்குள் சேறடித்தாக வேண்டும். ஒருவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பார்; அந்த வெளிச்சத்தைப் பார்த்து அப்பா வண்டியைத் திருப்புவார்.

ஒருநாள் மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது. பல்பு ஹோல்டரில் 10 வோல்ட்கூட வரவில்லை. டெல்டாக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். அணையில் தண்ணீர் இருக்கிறது, மதகும் திறந்திருக்கிறது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்கு என்ன வரும்? பல்புதான் கடைமடை, ஒயர்தான் வாய்க்கால். மின்சாரத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. போனது அத்தனையும் திரும்பிப் பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். போகும் வழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் திரும்பும் வழி அடைத்திருந்தால் பல்பு எரியாது. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். நான் கை வைத்த பழைய வண்டிகளில் கோளாறு பல்பில் இருந்ததைவிட எர்த்தில் இருந்ததுதான் அதிகம்.

ஆகவே பழைய ஒயரை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைப் பற்றி இங்கே எழுதவில்லை. ஹெட்லைட்டுக்கு மட்டும் புதிதாக ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வைத்து, ஃபியூஸ் வைத்து, போகவும் வரவும் தனி ஒயர் இழுக்கும் முறையைச் சொல்கிறேன். நிதானமாகச் செய்தால் இரண்டு நாள் வேலை.

வண்டியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

நான் உதாரணமாக வைத்துக்கொள்வது மாஸி ஃபெர்குசன் 35 குடும்பத்தை. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20-க்கு அடுத்து வந்தது இந்த 35. சென்னையில் 1960-ல் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கிய பிறகு அதே வம்சம் இங்கே 1035 ஆகி ஊர் ஊராகப் பரவியது. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சினோடு இன்றைக்கும் உழுதுகொண்டிருக்கும் வண்டி. நீங்கள் வைத்திருப்பது வேறு கம்பெனி வண்டி என்றாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

மூன்று விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வோல்ட். பேட்டரியின் மேல் மூடிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு அறையும் 2 வோல்ட். மூன்று மூடி இருந்தால் 6 வோல்ட் பேட்டரி, ஆறு இருந்தால் 12. டி.இ.20-ன் ஆரம்ப கால வண்டிகள் 6 வோல்ட். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் 12 வோல்ட்தான் இருக்கும். ஆனாலும் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு, எந்த முனை பாடியில் போய் முடிகிறது என்பது. இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். லூக்காஸ் கம்பெனியின் டைனமோ (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது) வைத்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் கட்டியிருக்கும். பின்னால் வந்தவற்றில், குறிப்பாக டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டியவற்றில், நெகட்டிவ். நடுவில் யாராவது மாற்றியும் வைத்திருக்கலாம். அதனால் புத்தகத்தையோ ஒயரின் நிறத்தையோ நம்பாமல், பேட்டரியில் தொடங்கித் தடித்த கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். சேஸிலோ கியர் பாக்ஸிலோ போய் முடிவது எர்த். மற்றது லைவ். இழை பல்புக்கும் சாதாரண ரிலேவுக்கும் எந்தப் பக்கம் எது என்பது ஒரு பொருட்டே இல்லை. எல்.இ.டி.க்கும் ரேடியோவுக்கும் மொபைல் சார்ஜருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. மாற்றிக் கொடுத்தால் எரியாது, அல்லது ஒரேயடியாகப் போய்விடும். பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் முதல்முறை செய்பவர் அதை மாற்ற முயல வேண்டாம். இருக்கிறபடியே விட்டுவிட்டு வேலை செய்யலாம்.

மூன்று, சார்ஜ் கொடுப்பது டைனமோவா ஆல்டர்னேட்டரா? அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்தில் ஓடினாலே 20 ஆம்பியரைச் சுற்றித்தான் தரும். வண்டி நின்று பொறுமையாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. இரண்டு ஹெட்லைட்டில் 60 வாட் ஹைபீம் (தூரத்துக்கு அடிக்கும் வெளிச்சம்) போட்டால் 120 வாட். 12 வோல்ட்டில் வகுத்தால் 10 ஆம்பியர். பார்க் லைட், பின்விளக்கு எல்லாம் சேர்த்தால் 12 ஆம்பியர். டைனமோ வண்டியில் இதுவே போதும். அதற்கு மேல் 100 வாட் பல்பு போட ஆசைப்பட்டால் ராத்திரி முழுக்கப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகாது.

வாங்க வேண்டியவை

ஒயரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 4 மீட்டர் தூரம் 10 ஆம்பியர் ஓடினால், போகும் வழியிலேயே கிட்டத்தட்ட 1.4 வோல்ட் தொலைந்துவிடும். அதிலென்ன என்று தோன்றலாம். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் மட்டும் குறைவதில்லை. ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். ஒயர் மெலிந்ததற்காகப் பல்பில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை விட்டுக்கொடுக்கிறோம்.

பேட்டரியிலிருந்து ரிலே வரைக்கும் 4 சதுர மில்லிமீட்டர். ரிலேவிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 1.5. விளக்கிலிருந்து திரும்பும் எர்த்துக்கும் அதே 1.5. சுவிட்சுக்குப் போய்வரும் கட்டுப்பாட்டு ஒயருக்கும் பார்க் லைட்டுக்கும் 1 போதும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வாகன ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியதை எடுத்து வராதீர்கள். தடித்த ஒற்றைக் கம்பி டிராக்டர் அதிர்வில் சில மாதத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், வெளியே தோல் மட்டும் நன்றாக இருக்கும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

நிறத்துக்கு லூக்காஸ் வழக்கத்தையே பின்பற்றுகிறேன். ஹைபீமுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, லோபீமுக்கு (தாழ்த்திய வெளிச்சம்) நீலத்தில் சிவப்புக் கோடு, பார்க் லைட்டுக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, எர்த் கறுப்பு. கோடு போட்ட ஒயர் கிடைக்காவிட்டால் கிடைத்த நிறத்தை வாங்கி, எது எதற்கு என்று ஒரு அட்டையில் எழுதி டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து வண்டியைத் திறக்கும் ஆள் நீங்களாக இருந்தாலும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

மற்றவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே இரண்டும் அவற்றுக்கான சாக்கெட்டும், ஆறு பிளேடு ஃபியூஸ் மாட்டக்கூடிய மூடி போட்ட பெட்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கத் தனியாக ஒரு ஃபியூஸ் ஹோல்டர், ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் செம்பு லக், அதை அழுத்தும் கிரிம்பிங் பிளையர், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், ரப்பர் வாஷர், நெளி பிளாஸ்டிக் குழாய், பல் வைத்த வாஷர், வாசலின், மணல்தாள். இவற்றோடு ஒரு மல்டிமீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். மீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு

எஞ்சின் நின்றிருக்க வேண்டும். கை மோதிரம், வாட்ச், இரும்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் எர்த் முனை, பிறகு லைவ் முனை. மாட்டும்போது தலைகீழ்: லைவ் முதலில், எர்த் கடைசியில். காரணம் எளிது. லைவ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட்டால் முழுப் பேட்டரியும் ஸ்பானர் வழியாகப் பாயும். எர்த்தை எடுத்துவிட்ட பிறகு ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. சார்ஜ் ஏறிய பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கும். பீடி, சிகரெட்டோடு அருகில் வருபவரைத் தயங்காமல் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

டீசல் வண்டி ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும் என்பதால், எஞ்சின் ஓடும்போதே பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டயோடு போய்விடும்.

ஃபியூஸ் முதலில், ஒயர் பிறகு

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கரும்பு லோடு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் ஒன்று மட்கார்டின் தகர விளிம்பில் உராய்ந்து உராய்ந்து தோல் தேய்ந்துபோயிருந்தது. ஆலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியதும் ஒயர் தகரத்தைத் தொட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து புகை. பின்னால் காய்ந்த தோகையோடு கரும்பு. பேட்டரி முனை கெட்டியாகத் துருப்பிடித்திருந்தது, கழற்ற முடியவில்லை. கட்டிங் பிளையரால் ஒயரை வெட்டி எறிந்தோம். பத்து ரூபாய் ஃபியூஸ் ஒன்று இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

ஃபியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. அதனால் அதன் இடம் பேட்டரிக்கு ஒட்டினாற்போல், ஒரு சாண் தூரத்துக்குள். பேட்டரிக்கும் ஃபியூசுக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதை மறக்காதீர்கள். அங்கே 20 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். லைவ் முனையிலேயே லக் மாட்ட இடமில்லை என்றால், பேட்டரி கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டர் சொலினாய்டின் (ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போல்ட்டில் எடுக்கலாம். அப்படி எடுத்தால் டாஷ்போர்டு அம்மீட்டர், ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்டையும் சேர்த்து சார்ஜ் ஆவதாகக் காட்டும். லைட் போட்டதும் முள் சார்ஜ் பக்கம் சாய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இனி ரிலே. பழைய முறையில் 10 ஆம்பியரும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்த் திரும்பும். நாற்பது வருஷம் தேய்ந்த சுவிட்ச் அதைத் தாங்காது. சூடாகும், அங்கேயே ஒரு வோல்ட் விழும். ரிலே வைத்தால் சுவிட்ச் வெறும் 0.15 ஆம்பியர் போலக் கொடுத்து ரிலேவுக்கு உத்தரவு மட்டும் போடும். கனத்த வேலையை ரிலே செய்யும். மதகு ஷட்டரைக் கையால் தூக்குவதற்கும் சக்கரம் வைத்துச் சுற்றித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ரிலேயின் அடியில் நான்கு முனை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண். 30-ல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87-லிருந்து விளக்குக்கு. 86-ல் ஹைபீம், லோபீம் மாற்றும் டிப்பர் சுவிட்சிலிருந்து வரும் ஒயர். 85 எர்த்துக்கு. ஒரு ரிலே ஹைபீமுக்கு, இன்னொன்று லோபீமுக்கு. இரண்டு ரிலேயின் 30-ஐயும் இணைத்துவிடலாம், இரண்டின் 85-ஐயும் இணைத்துவிடலாம். 87a என்று நடுவில் ஐந்தாவது முனை இருக்கும் ரிலே கிடைத்தால் அந்த முனையைத் தொடாமல் விடுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது கரண்ட் வரும் முனை அது. அதில் மாட்டினால் சுவிட்ச் போடாதபோது லைட் எரியும்.

87-லிருந்து வருவதை அப்படியே இரண்டு விளக்குக்கும் பிரித்துவிடாமல், ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோய் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக அனுப்புங்கள். ஹைபீமுக்கு இரண்டு, லோபீமுக்கு இரண்டு. ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் மறுபக்கம் எரிந்துகொண்டிருக்கும். ராத்திரியில் வளைவில் போகும்போது இரண்டும் ஒரேயடியாக அணைந்த அனுபவம் உள்ளவருக்கு இந்த நான்கு ஃபியூசின் அருமை தெரியும். பெட்டியில் மிச்சமுள்ள இரண்டு இடத்தில் ஒன்றில் சுவிட்சுக்குப் போகும் ஒயருக்கு 5 ஆம்பியர், இன்னொன்றில் பார்க் லைட், பின்விளக்குக்கு 5 ஆம்பியர். இந்த இரண்டுக்கும் வேண்டியதை அதே 20 ஆம்பியர் ஃபியூசுக்கு அப்பால் எடுத்துக்கொள்ளலாம்.

எரிந்துபோன ஃபியூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைப்பதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஃபியூஸ் பெட்டி மூடிக்குள்ளேயே மாற்று ஃபியூஸ் நான்கை டேப்பால் ஒட்டி வையுங்கள், அப்போது கை அந்தப் பக்கம் போகாது.

எர்த்

பழைய ஒயரிங்கில் விளக்குக்கு ஒரு ஒயர்தான் வரும். திரும்பும் வழி விளக்கின் தகரக் கூடு, அதன் போல்ட், தாங்கி, பானெட், சேஸி என்று போய்ச் சேரும். புது வண்டியில் அது சரி. நாற்பது வருஷம் துரு ஏறி, மூன்று முறை பெயிண்ட் அடித்த வண்டியில் இந்த ஒவ்வொரு சந்திப்பும் ஒரு அடைப்பு. அதிலும் பானெட் கீலில் தொங்கும் வண்டியில், கீலின் கிரீஸ் வழியாகத்தான் கரண்ட் திரும்ப வேண்டும். லைட் துடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே ஒவ்வொரு விளக்கின் எர்த் முனையிலிருந்தும் கறுப்பு ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, ரிலேக்களின் 85-ஐயும் அதனோடு சேர்த்து, ஒரே போல்ட்டில் கொண்டுவந்து முடியுங்கள். அந்த போல்ட் எஞ்சின் பிளாக்கிலோ கியர் பாக்ஸிலோ, பேட்டரி எர்த் கேபிள் முடியும் அதே இடத்திலோ இருக்கட்டும். மட்கார்டில் வேண்டாம். போல்ட்டைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு பளபளவென்று தெரியும் வரை மணல்தாள் போடுங்கள். லக்குக்கு அடியில் பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பேட்டரியின் எர்த் கேபிளையும் இதே நாளில் கழற்றி இரண்டு முனையும் சுத்தம் செய்துவிடுங்கள். ஸ்டார்ட்டரும் சுறுசுறுப்பாகச் சுற்றுவதைப் பார்ப்பீர்கள்.

எர்த் கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு அடையாளம் உண்டு. ஹைபீம் போடும்போது ஒரு பக்கம் நன்றாக எரிந்து, அதே விளக்கில் லோபீம் இழையும் லேசாகச் சிவக்கும். மறுபக்கம் இரண்டு இழையும் மங்கலாக எரியும். மங்கலாக இருக்கும் பக்கத்தில் எர்த் இல்லை. அங்கே கரண்ட் ஹைபீம் இழைக்குள் போய், திரும்ப வழியில்லாமல் லோபீம் இழை வழியாகப் பக்கத்து விளக்குக்குப் போய், அங்கே இருக்கும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இந்த நிலையில் பல்பை மாற்றிப் பயனே இல்லை.

ஒயரை எங்கே கொண்டுபோவது

வெட்டுவதற்கு முன் ஒரு கயிற்றை வைத்து முழுப் பாதையையும் ஓட்டிப் பாருங்கள். சைலன்சருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஒரு கையளவு தள்ளி இருக்க வேண்டும். ஸ்டீயரிங் ராடு, ஃபேன், கிளட்ச் பெடல் என்று அசையும் எதையும் தொடக்கூடாது. பானெட் தூக்கும் வண்டியாக இருந்தால் முழுக்கத் தூக்கிய நிலையில் ஒயர் இழுபடாமல் ஒரு வளையம் விடுங்கள். தகரத்தில் துளை வழியாகப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வாஷர். மேலே சொன்ன கரும்பு லோடு சம்பவத்துக்குக் காரணம் இரண்டு ரூபாய் ரப்பர் வாஷர் இல்லாததும்தான்.

சேறடிக்கும்போது கேஜ் வீல் அள்ளி வீசும் சேறு எங்கெல்லாம் போகும் என்று ஒரு முறை பார்த்தவர் ஃபியூஸ் பெட்டியைக் கீழே வைக்க மாட்டார். டாஷ்போர்டுக்குப் பின்னால், உயரத்தில் வையுங்கள். ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தங்காது. அறுவடை முடிந்து நெல் மூட்டையோடு ஒரே கொட்டகையில் வண்டி நின்றால் எலி வரும். நெளி குழாய்க்குள் ஒயரை விட்டு இரண்டு முனையையும் டேப் சுற்றி மூடிவிட்டால் எலிக் கடி பெருமளவு குறைகிறது. எங்கள் வண்டியில் அப்படிச் செய்த பிறகு ஒரே ஒருமுறைதான் கடி விழுந்தது, அதுவும் குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடத்தில்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாதீர்கள். லக்கைப் பிளையரால் அழுத்தி, நன்றாக இழுத்துப் பார்த்து, மேலே ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்குங்கள். ஈயப் பற்றுதான் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு வேலை செய்து அங்கேயே முறியும். டிராக்டருக்கு அழுத்திய லக்தான் சரி.

பல்பு முனைகள்

பழைய விளக்குக் கூடுகளில் அகலத் தட்டு வைத்த 45/40 வாட் பல்பு இருக்கும். கூட்டை மாற்றினால் எச்4, 60/55 வாட். இரண்டிலும் பின்னால் மூன்று முனை: ஹை, லோ, எர்த். எது எது என்று படத்தைப் பார்த்து மாட்டுவதைவிடப் பேட்டரியில் தொட்டுப் பார்த்துவிடுவது நிச்சயம். எந்த இரண்டு முனையில் கொடுத்தால் இழைகள் இரண்டும் சேர்ந்து மங்கலாக எரிகின்றனவோ, அந்த இரண்டும் ஹையும் லோவும். மீதமுள்ள மூன்றாவதுதான் எர்த். எர்த் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் பிரிப்பது நொடி வேலை. அடியில் கிண்ணம் போன்ற தகடு வைத்த இழை லோபீம். எச்4-ன் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்.

கூடு வாங்கும்போது இடதுபக்கப் போக்குவரத்துக்கானதா என்று பாருங்கள். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த கூட்டில் லோபீம் வெளிச்சம் வலப்பக்கம் ஏறி நிற்கும். நம் சாலையில் அது நேராக எதிரே வருபவர் கண்ணில் விழும்.

அளந்து பார்த்தல்

எல்லாம் மாட்டிய பிறகு 20 ஆம்பியர் ஃபியூசை எடுத்துவிட்டுப் பேட்டரியை இணையுங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள். சுவிட்ச் எல்லாம் அணைந்த நிலையில் அது எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எரியவில்லை என்றால் ஃபியூசைப் போடலாம்.

இப்போது லைட்டைப் போட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பல்பு எரியாதபோது கரண்ட் ஓடாது; துருப்பிடித்த ஒயர்கூட 12 வோல்ட் என்று பொய் சொல்லும். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி லைவ் முனையிலும் இன்னொன்றை ஹோல்டரின் ஹைபீம் முனையிலும் வையுங்கள். இது காட்டுவது போகும் வழியில் தொலைந்த வோல்ட். 0.3-க்குள் இருந்தால் நல்ல வேலை. பிறகு ஒரு முள் பேட்டரி எர்த் முனையில், இன்னொன்று ஹோல்டரின் எர்த் முனையில். திரும்பும் வழியின் நஷ்டம் இது, 0.2-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் முள்ளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ, அடைப்பு அங்கே. இந்த ஒரு முறையைக் கற்றுக்கொண்டால் ஹார்ன், ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். லைட் போட்டதும் 12.5-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் ஒயரிங்கில் குறையில்லை; டைனமோவையோ, அதைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்டவுட்டையோ பார்க்க வேண்டும்.

எதிரே வருபவர் கண்

மாலையில், சமதளத்தில், சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. லோபீம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். 1.1 மீட்டர் உயர விளக்குக்கு அந்த வெளிச்சம் 55 மீட்டர் தூரம் வரை தரையில் விழும். டிராக்டர் வேகத்துக்குத் தாராளம். கலப்பையோ லோடு ஏற்றிய டிரெய்லரோ பின்னால் மாட்டினால் மூக்கு சற்றுத் தூக்கும், வெளிச்சம் மேலே ஏறும். அதனால் எப்போதும் மாட்டி ஓட்டுவதை மாட்டி வைத்துக்கொண்டே இந்த அளவை எடுங்கள்.

எல்.இ.டி. பார் பற்றிக் கேட்பார்கள். வயலுக்கு அது நல்ல பொருள். 20 வாட்டில் நிறைய வெளிச்சம் தரும், டைனமோவுக்கும் சுமை குறைவு. ஆனால் அதில் வெளிச்சத்தை வெட்டும் விளிம்பு கிடையாது. எல்லாப் பக்கமும் கொட்டும். கிராமச் சாலையில் எதிரே டி.வி.எஸ். 50-ல் வருபவர் சில நொடி கண் தெரியாமல் வாய்க்காலுக்குள் போவார். பார் மாட்டினால் தனி சுவிட்ச், தனி ஃபியூஸ் வையுங்கள். தார் ரோட்டில் ஏறியதும் அணைத்துவிடுங்கள். ஹெட்லைட் சுவிட்சோடு சேர்த்துக் கட்டவே வேண்டாம்.

டிரெய்லரின் வால்

முன்னால் வெளிச்சம் வந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் கருவிகளை எடுத்துவைத்துவிடுகிறார்கள். ராத்திரிச் சாலையில் டிராக்டரால் உயிர் போவது பின்னால் வந்து மோதுவதில்தான் என்பதை நம் ஊரில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைக்கோலோ கரும்போ ஏற்றிய டிரெய்லர் இருட்டில் ஒரு கறுப்புச் சுவர். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அப்படி மோதிக் கால் இழந்தான். அந்த டிரெய்லரில் விளக்கு இருந்தது, எரியவில்லை.

எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் கொக்கி முள். டிரெய்லருக்கு லைவ் ஒயர் மட்டும் கொடுத்து, எர்த்தை இணைப்பு முள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். கிரீஸும் மண்ணும் சேர்ந்த முள் ஒவ்வொரு குலுக்கலிலும் தொட்டுத் தொட்டு விடும். வண்டியின் பின்னால் ஏழு முனை சாக்கெட் ஒன்றை மாட்டி, அதன் 3-ஆம் முனையில் எர்த் ஒயரைத் தனியாகக் கொடுங்கள். 5 வலது பின்விளக்கு, 7 இடது பின்விளக்கு, 6 பிரேக் லைட், 1 இடது இண்டிகேட்டர், 4 வலது. டிரெய்லருக்குள் ஓடும் எர்த்தும் ஒயர்தான். சேஸியை நம்ப வேண்டாம். விளக்குகளைச் சுமைக்கு மறையாத உயரத்தில் வைத்து, பின்பலகையின் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். பல்பு போனாலும் அது பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தில் பளிச்சிடும்.

பேட்டரியிலிருந்து பார்த்தால் கடைசி விளக்கு இதுதான். லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, எஞ்சின் ஓட, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு டிரெய்லரின் பின்னால் போய் அந்த ஹோல்டரில் முள்ளை வையுங்கள். அங்கே 12-க்கு மேல் காட்டினால் வண்டியை ரோட்டில் ஏற்றலாம்.